பெரிய தொட்டியின் பொய்ப் பெருமை

கிராமத்தில் இன்று வீடு கட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கழிவறைக்கு செப்டிக் டேங்க் போட்டால்தான் வீடு வீடாக இருக்கும் என்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் குழி தோண்டுவது அரசாங்கம் ஏழைபாழைகளுக்குக் கொடுக்கும் கக்கூஸ், வசதி உள்ளவன் அதைக் கட்டுவானா என்பார்கள். திருப்பூரிலோ துபாயிலோ இருந்து பணம் அனுப்பும் மகன் அப்படித்தான் நினைக்கிறான். கொத்தனாரும் அதையே சொல்கிறார்: "எட்டுக்கு ஆறு, ஆழம் ஆறடி. போட்டுட்டா இருபது வருஷத்துக்கு மூடியைத் திறக்கவே வேணாம்." ஊராட்சி ஒன்றியத்தில் சில பொறியாளர்கள்கூட இதைத் தலையாட்டி ஆமோதிக்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. கணக்குப்படி தவறு, சுகாதாரப்படி தவறு, பணத்தின்படி தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஆளைக் கொல்கிறது. நல்ல மண்ணும் போதுமான ஆழத்தில் நிலத்தடி நீரும் உள்ள கிராமத்து வீட்டுக்கு, சரியாகக் கட்டிய இரட்டைக் குழிக் கழிவறையைவிட மேலான ஒன்று இன்று நம் கையில் இல்லை.

முதலில் அந்த இருபது வருஷக் கணக்கைப் பார்ப்போம். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம் என்றால் 288 கன அடி. ஏறத்தாழ 8,150 லிட்டர் பிடிக்கும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில், கழுவவும் ஊற்றவுமாக ஆளுக்குப் பத்து லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு நாளைக்கு 50 லிட்டர் உள்ளே போகிறது. ஒழுகாத தொட்டியாக இருந்தால் ஐந்தரை மாதத்தில் அது விளிம்பு தட்டவேண்டும். ஆனால் ஊரில் பல தொட்டிகள் பத்து, பதினைந்து வருடமாகத் திறக்கப்படாமல்தான் கிடக்கின்றன. அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கொத்தனார் அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருப்பார். அழுக்குத் தண்ணீர் ஆறடி ஆழத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் மேல்மட்டத்தில் ஒரு பிவிசி குழாய் வைத்து, சுவருக்கு வெளியே தெருச் சாக்கடையிலோ பக்கத்துக் காலி மனையிலோ விட்டிருப்பார். மழைக்காலத்தில் அந்தச் சாக்கடை ஏரிக்குப் போகும். "எங்கள் டேங்க் நிரம்புவதே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் வீட்டு மலநீர் சுத்தமாகாமல் வேறு யாருடைய வாசலுக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை செப்டிக் டேங்க் என்று அழைப்பதே தப்பு. முறையான செப்டிக் டேங்குக்கு உள்ளே தடுப்புச் சுவர் உண்டு, இரண்டு அறைகள் உண்டு, வெளியேறும் நீரை மண்ணில் உறிஞ்ச விடும் தனிக் குழி உண்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கும் கட்டாயம் உண்டு. இந்த நான்கும் சேர்ந்திருக்கும் தொட்டியைக் கிராமத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

முறைப்படியே கட்டினாலும் அந்தத் தொட்டி செய்கிற வேலை கொஞ்சம்தான். கெட்டிப் பொருள் அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியே போகும். அந்த நீரில் கிருமிகளும் புழு முட்டைகளும் ஏராளமாக இருக்கும். அதைச் சுத்தம் செய்வது, கடைசியில் மண்தான். தொட்டிக்கு அப்புறம் வரும் உறிஞ்சு குழியைக் கட்டாமல் விட்டவர், சுத்தம் செய்யும் பாகத்தை விட்டுவிட்டுச் சேர்த்துவைக்கும் பாகத்தை மட்டும் கட்டியிருக்கிறார்.

இரட்டைக் குழி அந்த மண்ணை நேரடியாக வேலை வாங்குகிறது. அதன் அமைப்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். பீங்கான் நல்ல சரிவாக இருக்கும், அதன் கீழே நீரடைப்பு 20 மில்லிமீட்டர்தான், அதனால் ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே எல்லாம் போய்விடும். குழாய் ஒரு சின்ன சேம்பருக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு பக்கம் இரண்டு வாய் பிரிகிறது. ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடவேண்டும். திறந்திருக்கும் வாய் வழியாக ஒரு குழி மட்டும் நிரம்பும். குழியின் சுவரில் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளி வைத்து அடுக்கியிருப்பார்கள். அடியில் பூச்சு கிடையாது. தண்ணீரும் மூத்திரமும் வாயுவும் அந்தச் சந்துகள் வழியாக மண்ணுக்குள் போய்விடுகின்றன. அதனால்தான் இதற்கு வாயு போகும் குழாய்கூடத் தேவையில்லை. உள்ளே தங்குவது கெட்டிப் பொருள் மட்டும். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 45 லிட்டருக்கு மேல் அது சேராது.

வட்டக் குழி ஒரு மீட்டர் அகலம், உபயோகப்படும் ஆழம் ஒரு மீட்டர் என்றால் அதன் கொள்ளளவு 785 லிட்டர். ஐந்து பேர் வீட்டில் வருடத்துக்கு 225 லிட்டர். அந்தச் சின்னக் குழி நிரம்ப மூன்றரை வருடம் ஆகும்! எட்டாயிரம் லிட்டர் தொட்டி ஐந்தரை மாதத்தில் தளும்பவேண்டிய வீட்டில், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குழி மூன்றரை வருடம் தாங்குகிறது. "சின்னக் குழி சீக்கிரம் ரொம்பிடும்" என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும். முதல் குழி நிரம்பியதும் சேம்பர் மூடியைத் தூக்கி அடைப்பை மறுபக்கம் மாற்றிவிடவேண்டும். இரண்டாவது குழி நிரம்பிக்கொண்டிருக்கும்போது முதல் குழி சும்மா கிடக்கிறது. இரண்டு ஆண்டு அப்படிக் கிடந்தால் ஈரம் போய், நோய்க்கிருமிகள் செத்து, உருண்டைப்புழுவின் முட்டைகள்கூடப் பிழைக்காமல், உள்ளே இருப்பது உரமாகிவிடும்.

2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் வாரங்கல் பக்கத்து கங்கதேவிபள்ளி என்ற கிராமத்தில் இப்படிப்பட்ட குழி ஒன்றில் தானே இறங்கி உரத்தை அள்ளினார். பல மாநில அதிகாரிகள் கூட இருந்தார்கள். கையில் எடுத்துக் காட்டியது காபித்தூள் மாதிரி உதிரியாக, நாற்றமில்லாமல் இருந்தது. ஒரு துறைச் செயலாளர் குழியில் இறங்கியதைப் படம் பிடித்து நாடெங்கும் காட்டினார்கள். அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூடியைத் திறந்த எந்த செப்டிக் டேங்குக்குள்ளும் ஒரு செயலாளரை இறக்க முடியுமா என்று யோசித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

செப்டிக் டேங்குக்குள் இறங்குபவர்கள் செத்துப்போகிறார்கள். காற்றுப் புகாத இடத்தில் மலம் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. இரண்டாவது வாயு அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும்; நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் நினைக்கும் நேரத்தில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியோ மகனோ அடுத்துச் சாவார். பத்திரிகைகளில் "இருவர் பலி", "மூவர் பலி" என்றே செய்தி வருவதற்கு இதுதான் காரணம். 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில், நாட்டிலேயே அதிக மரணங்கள் பதிவான மாநிலமாகத் தமிழ்நாடு இடம்பெற்றிருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர்.

இன்னொரு வகைச் சாவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. புதுத் தொட்டிக்கு ஸ்லாப் போட்டுச் சில வாரம் கழித்து, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒரு ஆளை உள்ளே இறக்குகிறார்கள். மலம் ஒரு துளிகூட அதில் விழுந்திருக்காது. ஆனால் மழைநீரும் ஊறிப்போன பலகையும் சேர்ந்து அழுகி, மூடிய தொட்டிக்குள் இருந்த ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும். இறங்கியவர் திரும்ப வருவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முன்பே உயிர் வாங்கும் ஒன்றைத்தான் பக்கா என்கிறோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. பாதுகாப்பில்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கில் இறக்குவது அதன்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993இலிருந்து இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வேண்டியதுதான், நஷ்டஈடும் வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு புதுவீட்டுக் கொல்லையிலும் இன்னொரு மூடிய தொட்டியைக் கட்டிக்கொண்டே போய், அப்புறம் அதில் யாரும் இறங்கக்கூடாது என்று சட்டம் போடுவது எப்படிச் சரியாகும்? ஆள் இறங்கவேண்டிய தேவையே இல்லாத கழிவறை ஒன்று இருக்கும்போது?

இப்போது கழிவை உறிஞ்சும் லாரி வந்துவிட்டதே, ஆள் இறங்குவதில்லையே என்பார்கள். சுவரெல்லாம் கைப்பேசி எண் எழுதி வைத்திருக்கிறார்கள், கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வருகிறது. வருகிறதுதான். பத்து வருடம் திறக்காத தொட்டியின் அடியில் கசடு கெட்டிப்பட்டுக் கிடக்கும்; மேலே இருக்கும் நீரைத்தான் குழாய் உறிஞ்சும். அடிக்கசடைக் கிளறிவிட யாராவது கம்போடு நிற்கவேண்டும், சில இடங்களில் இறங்கவும் வேண்டும். குறுகிய சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு லாரி போகவே போகாது. சரி, உறிஞ்சிய லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? கருங்குழியிலும் கோவை பெரியநாயக்கன்பாளையத்திலும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. அவை நல்ல முயற்சிகள்; நகரங்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் அவை அவசியம். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இல்லாத கிராமத்து லாரிக்காரருக்கு டீசலும் நேரமும் கணக்கு. ஓடையும் ஏரிக்கரையும் இருட்டும் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வீட்டுக் கொல்லையிலேயே மண்ணாகிவிடும் ஒன்றை லாரியில் ஏற்றி ஊர் சுற்ற வைப்பதற்கு ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத எதிர்ப்புக்கு வருகிறேன். "அந்தக் குழியை யார் அள்ளுவது?" பெரிய தொட்டி மேல் இருக்கும் மோகத்துக்கு அடிவேர் இந்தக் கேள்விதான். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கழிவறை கட்டிக் கொடுத்தும் மக்கள் வெளியே போவது ஏன் என்பதுதான் அவர்கள் கேள்வி. குழியை அள்ளும் வேலையைத் தீண்டாமையோடு சேர்த்தே மக்கள் பார்க்கிறார்கள், அதனால் ஆயுசுக்கும் நிரம்பாத பெரிய குழி இருந்தால்தான் கழிவறையே வேண்டும் என்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட விடை. வடக்கே இருப்பவர்களின் பிரச்சினை அது என்று நாம் தள்ளிவிட முடியாது. இருபது வருஷத்துக்குத் திறக்கவேண்டாம் என்று நம் கொத்தனார் சொல்லும்போது, இருபது வருஷம் கழித்து அதைத் திறக்கப்போவது யார் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அது நம் தெருக்காரராக இருக்கமாட்டார் என்ற நிம்மதியைத்தான் எட்டுக்கு ஆறு அளவில் கட்டிக்கொள்கிறோம்.

இரட்டைக் குழி இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இரண்டு வருடம் கிடந்த குழியில் இருப்பது மக்கிய உரம். மாட்டுக் கொட்டகையைக் கூட்டி எருக்குழியில் போடுகிற, எருவைக் கூடையில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோகிற குடும்பம் இதை மண்வெட்டியால் எடுத்துத் தென்னைக்குப் போட முடியும். அதற்கு ஒரு சாதியிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. அவரவர் வீட்டுக் குழியை அவரவரே எடுக்கும்படி ஒரு கழிவறையைச் செய்து வைத்திருப்பது, சுகாதாரத்தைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். சாதியைச் சொல்லி ஒரு வேலையை ஒருவர் தலையில் கட்டும் ஏற்பாட்டிலிருந்து குறைந்தபட்சம் இந்த ஒரு வேலையாவது வெளியே வருகிறது.

ஏழைகளுக்கு இரண்டாம் தரம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். இது நேற்று யாரோ சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த மலிவுச் சரக்கு கிடையாது. கொங்கணத்தில் அப்பாசாகேப் பட்வர்தன், காந்தியின் வழியில், மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கவே கோபுரி என்னும், மலத்தை மக்கவைக்கும் கழிவறையை உருவாக்கினார். ஐம்பதுகளில் லக்னோவின் திட்ட ஆராய்ச்சி நிறுவனம் கொஞ்சம் நீர் ஊற்றினால் போதும் என்கிற கழிவறையைச் செய்து பார்த்தது. பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் 1970இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கி, இரட்டைக் குழியை மலம் அள்ளுவோர் விடுதலைக்கான கருவியாகவே கொண்டுபோனார். இவர்கள் யாரும் ஏழைக்கு எது போதும் என்று கேட்கவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் மலத்தைச் சுமக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்த கழிவறையைத் தரக்குறைவானது என்றும், அந்தக் கேள்வியையே எழுப்பாத தொட்டியை நவீனமானது என்றும் சொல்கிறோம்.

நிலத்தடி நீர் கெட்டுவிடாதா என்பது நியாயமான கேள்வி. கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் இரண்டு மீட்டர் மண் இருக்கவேண்டும். அந்த மண்ணில் கிருமிகள் வடிகட்டப்பட்டுச் செத்துப்போகும். நைட்ரேட் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வீடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் தெருவில் இது கவலைக்குரியதுதான். ஆனால் அடியில் பூச்சில்லாத ஆறடித் தொட்டியும் அதே நைட்ரேட்டை, அதைவிட ஆழத்திலிருந்து, கிருமிகளோடு சேர்த்தே இறக்குகிறது. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கும். அங்கே குழியைச் சற்றுப் பெரிதாக எடுத்து, சுற்றிலும் ஒரு அடி மணலும் சல்லியும் கொட்டவேண்டும்.

கடலோரத்திலும் காவிரிப் படுகையிலும் நீர்மட்டம் மேலேயே இருக்கும் ஊர்களுக்கு இரட்டைக் குழி பொருந்தாது. அதற்காக அங்கே செப்டிக் டேங்க்தான் கதி என்று ஆகிவிடாது. காவிரிக் கரையில் இருக்கும் முசிறியில், ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006இல் சூழலைக் கெடுக்காத பொதுக் கழிப்பிடம் ஒன்றைக் கட்டியது. மலம் கீழே உள்ள அறைக்குள் தனியாக விழும், மூத்திரமும் கழுவும் நீரும் தனித்தனியே போகும், போய்வந்தவர்கள் ஒரு கை சாம்பல் தூவுவார்கள். நிலத்தடி நீரில் ஒரு சொட்டும் கலக்காது. உபயோகித்தவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள், அவர்கள் தருவது உரத்துக்கான மூலப்பொருள் என்பதால். தண்ணீர் மேலே இருக்கும் ஊருக்கு எப்படிக் கட்டுவது என்பதற்குத் திருச்சி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

"சரி, எங்கள் தெருவிலும் அரசாங்கம் குழிக் கக்கூஸ் கட்டியது, ஒரே வருஷத்தில் நாறிப்போச்சு" என்பவர்களிடம் நான் சண்டை போடமாட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகக் கிராமங்களில் நான்கில் மூன்று வீட்டுக்கு மேல் கழிவறை இல்லை. 2014இல் தூய்மை இந்தியா திட்டம் வந்து, வீட்டுக்கு 12,000 ரூபாய் என்று, 2019 அக்டோபர் 2ஆம் தேதிக்குள் முடித்தாகவேண்டும் என்று விரட்டியது. அவசரத்தில் ஒப்பந்தக்காரர்கள் என்னென்னவோ செய்தார்கள். நாலு உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அதுதான் குழி என்றார்கள். இரண்டு குழி போட்ட இடத்தில் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் குழாய் வைத்து இணைத்தார்கள். ஒன்று நிரம்பி மற்றதில் வழியும், இரண்டும் எப்போதும் ஈரமாக இருக்கும், எதுவுமே மக்காது. சேம்பரே கட்டாமல் நேராக இரண்டுக்கும் குழாய் விட்டவர்கள் உண்டு. அடியில் கான்கிரீட் போட்டு, "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட, வீட்டுக்காரருக்கு அடைப்பை எப்போது மாற்றவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவை அத்தனையும் கட்டியவர்களின் தப்பு, மேற்பார்த்தவர்களின் தப்பு. ஒழுங்காகக் கட்டாத கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை என்பதற்காகக் கிணறே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை.

நிரம்பிப்போன ஒற்றைக் குழி வைத்திருப்பவர்கள் லாரியைக் கூப்பிடுவதோடு விட்டுவிடாமல், ஒரு மீட்டராவது தள்ளி இரண்டாவது குழி எடுத்து, நடுவே ஒரு சேம்பர் கட்டினால் போதும். பழைய குழி இரண்டு வருடத்தில் உரமாகிவிடும். 2020இல் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் ஒற்றைக் குழியை இரட்டையாக மாற்றுவதும் ஒரு வேலையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் ஊருக்கு ஒருவராவது வேண்டும். அவருக்கு ஒரு வாரம் கூலி கொடுத்துப் பயிற்சி தரவேண்டும். வகுப்பில் உட்கார வைத்துப் படம் காட்டுவது பயிற்சியாகாது, ஒரு குழியை முழுசாகக் கட்ட வைக்கவேண்டும். ஓவர்சியர்கள் குழிகளின் இடைவெளியையும், அடி பூசப்படாமல் இருப்பதையும், சேம்பரில் ஒரு வாய் அடைத்திருப்பதையும் நேரில் பார்த்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் பில் பாஸ் ஆகவேண்டும். புது வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்டு வருபவரிடம் செப்டிக் டேங்கின் நீர் எங்கே போய்ச் சேரும் என்று ஊராட்சி எழுத்துமூலம் கேட்கவேண்டும்; பதில் சாக்கடை என்றிருந்தால் அனுமதி கொடுக்கக்கூடாது.